எட்டாவது கை

மார்ச் 3

தம்பிக்கு,

நாலு வருஷத்துக்கு அப்புறம் எழுதறேன். போன் பண்ணியிருக்கலாம். பண்ணினா "பஸ்ல இருக்கேன் அண்ணி, இறங்கினதும் கூப்பிடறேன்"னு வச்சிடுவீங்க. அதான் காகிதம்.

நேத்து நூலகத்துக்குப் போயிருந்தேன். நகரசபைத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கலாம்னு சீர்திருத்தக் குழு வீடு வீடா ஜனங்களைக் கேட்டாங்களே, அந்தப் படிவம் எல்லாத்தையும் அங்க மேசை மேல அடுக்கி வச்சிருக்காங்க. அவங்கவங்க வீட்டுப் படிவத்தை எடுத்துப் பார்க்கலாமாம். தப்பு இருந்தா மாசம் முடியறதுக்குள்ள ஆட்சேபம் எழுதித் தரலாமாம்.

நான் நம்ம தெருக் கட்டைப் பிரிச்சேன். முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு படிவம். எல்லாத்துலயும் ஒரே பதில்: "இப்போதுள்ள முறையே போதும். உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம்." வேற கருத்து இருந்தா எழுதறதுக்கு மூணு வரி விட்டிருந்தாங்க. அதுல "இல்லை", "இல்லை", "இல்லை". உங்க அண்ணன் உயிரோட இருந்தப்ப எங்க ரெண்டு பேருக்குள்ளயே ஒரு விஷயத்துல ஒரே பதில் வந்ததில்ல. முப்பத்தெட்டு வீட்டுல வந்திருக்குன்னா அதிசயம்தான்.

என் வீட்டுப் படிவத்துலயும் அதே பதில். கீழே கைநாட்டு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா? எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கட்டைவிரல் ரேகைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. வேன் கதவுல விரலை வச்சு அறைஞ்சுக்கிட்டு நீங்க ஓடி வந்தப்போ, புடவையைக் கிழிச்சுக் கட்டிவிட்டது நான். அந்த விரலை எனக்கு அடையாளம் தெரியாதா? கணக்கெடுப்பாளர்னு போட்டிருந்த கையெழுத்தைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கல.

இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதிக்குள்ள ஆள் வரும்னு கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போனாங்க. நான் தையல் கம்பெனியில ரெண்டு நாள் லீவு சொன்னேன். பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கற ஆள் இல்லாம சட்டையெல்லாம் குவிஞ்சு கிடக்குன்னு மேஸ்திரி கத்தினார். கத்தட்டும்னு வாசக் கதவைத் திறந்து வச்சு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள்ள பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன். யாரும் வரல.

எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர் மட்டும் சொன்னார். "உங்க கொழுந்தன் மாதிரி ஒருத்தர் தோள்ல பையோட முனை வரைக்கும் வந்தார். கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டார்"னு. நான் நம்பல. நேத்துதான் நம்பினேன்.

இன்னும் யார்கிட்டயும் சொல்லல. பதில் போடுங்க.

அண்ணி


மார்ச் 9

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கணக்கெடுப்பு விதிமுறைகளின்படியே நடத்தப்பட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் வந்த சமயத்தில் பல வீடுகள் பூட்டியிருந்தன. தாங்களும் ஒருவேளை அசதியில் கண்ணயர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பெரும்பான்மைக் கருத்தைப் பதிவு செய்யும் வழக்கம் உண்டு.

எனக்கு அந்தத் தெருவை ஒதுக்கியதும் நானாகக் கேட்டு வாங்கியது அல்ல. என் அடையாள அட்டையில் இன்னும் நம் பழைய வீட்டு விலாசம்தான் இருக்கிறது. ஊர் தெரிந்தவர் போனால் சுலபம் என்று அவர்களே போட்டுவிட்டார்கள்.

அண்ணி, மேலே எழுதியதைத் திரும்பப் படிச்சேன். ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கு. கிழிச்சிட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன், அப்புறம் அதையும் எழுதாமலே விட்டுடுவேன்னு பயம்.

இந்தக் கணக்கெடுப்பால எதுவும் மாறப் போறதில்ல. பயிற்சி வகுப்புல எங்களுக்குப் பாடம் எடுத்தவரே கொட்டாவி விட்டுக்கிட்டுத்தான் சொன்னார், "எல்லாம் ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு, நீங்க படிவத்தை நிரப்பினாச் சரி"ன்னு. யாரும் படிக்கப் போறதில்லன்னு நினைச்சேன். நூலகத்துல வைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

நீங்க ஆட்சேபம் கொடுத்தா என்னை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. இந்த வேலை முடிஞ்சதும் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கற வேலைக்கு எடுத்துக்கறேன்னு மேற்பார்வையாளர் சொல்லியிருக்கார். லாரி வேலை போனதிலேர்ந்து நிலையா எதுவும் அமையல. முதுகு வலியால வண்டியும் ஓட்ட முடியல. உங்களுக்குத் தெரியாததில்ல.

குடும்ப விஷயம் குடும்பத்தோட இருக்கட்டும். ஒரு படிவம்தானே, அண்ணி.

உங்கள் தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

நான் தூங்கிட்டேனா? அப்ப எதிர்வீட்டுக்காரர், மில்லுக்காரர், மூணாம் வீட்டுல கைக்குழந்தை வச்சிருக்கற பொண்ணு, முப்பத்தெட்டு வீடும் சேர்ந்து தூங்கிச்சா? சொல்றதைப் பொருந்தச் சொல்லுங்க.

ஒரு படிவம்தானேன்னு கேட்டீங்க. அதுல நான் என்ன சொல்றதுக்காகக் காத்திருந்தேன்னு எழுதறேன். எழுதறது கஷ்டமா இருக்கு. கம்பெனியில சாப்பாட்டு இடைவேளையில, துணி மூட்டை மேல வச்சு எழுதறேன். பக்கத்துல வர்றவங்ககிட்ட மளிகைச் சாமான் பட்டியல்னு சொல்லிட்டேன்.

ஏழு வருஷம் முன்னாடி இந்தத் தெரு என்னை உறுப்பினரா அனுப்பிச்சது. பதினஞ்சு உறுப்பினர்ல நான் ஒருத்தி. அடுத்த தெரு நர்ஸம்மாவும் ஒருத்தங்க. அவங்கதான் தலைவரா வரணும்னு ரெண்டு தெருவும் சொல்லிச்சு. நானும் கூட்டத்துல நின்னு, "என் ஓட்டு நர்ஸம்மாவுக்குத்தான்"னு சொன்னேன். கைதட்டினாங்க.

அதுக்கப்புறம் அவங்களுக்கு எதிரா தலைவருக்கு நின்ன மரக்கடைக்காரர், தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினரை வேன்ல ஏத்திக்கிட்டுப் போனார். அந்த எட்டுல நானும் இருந்தேன். நாலு நாள் லாட்ஜ். எங்க போனையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல வாங்கி வச்சுக்கிட்டாங்க. அஞ்சாவது நாள் காலையில குளிக்கச் சொல்லி, வேன்லயே நேரா நகரசபை மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

"மரக்கடைக்காரரை ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்"னு அதிகாரி சொன்னார். ஏழு கை மேல போச்சு. அதிகாரி விரலால எண்ணிக்கிட்டே வந்தார். என் பக்கம் வந்து நின்னார். எதிர் வரிசையில நர்ஸம்மா என்னைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அந்தப் பார்வையில கோபம்கூட இல்ல, தம்பி. நான் தூக்க மாட்டேன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க.

தூக்கினேன். எட்டாவது கை.

அப்ப மண்டபத்து வாசல்ல நீங்க வேன் சாவியோட நின்னுக்கிட்டு இருந்தீங்க. நான் உங்களைப் பார்த்தேன். நீங்க செருப்பைப் பார்த்தீங்க.

மூணு வரியில எழுதச் சொல்ல நினைச்சது இதுதான்: தலைவரை ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டு எடுக்கட்டும். இல்ல, உறுப்பினர்தான் எடுக்கணும்னா கை தூக்கச் சொல்லாதீங்க. ஒரு திரை கட்டி, சீட்டுல எழுதிப் பெட்டியில போடச் சொல்லுங்க. கை தூக்கினா யாருக்குப் பயப்படறமோ அவங்க முன்னாடியே தூக்கணும்.

இதை எதிர்வீட்டுக்காரர்கிட்டப் பொதுவாச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கல. "திரை கட்டினா நீங்க என்ன பண்ணீங்கன்னு தெருவுக்கு எப்படித் தெரியும்? திறந்த கைதான் சரி"ங்கறார். அதுவும் நியாயமாத்தான் படுது. ராத்திரி பகலா யோசிச்சும் எனக்குத் தீரல. அதுக்குத்தானே ஒருத்தர் வந்து கேக்கணும்? வந்து கேட்டு, ரெண்டையும் எழுதிக்கிட்டுப் போகணும்?

நீங்க என் வாயில "இப்ப இருக்கறதே போதும்"னு வச்சுட்டீங்க. உலகத்துல எந்த வாயில வேணா அதை வச்சிருக்கலாம். என் வாயிலயா?

இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் பொறுக்கறேன். நீங்களே வந்து வீடு வீடாக் கேளுங்க.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

நீங்க சொன்னது எல்லாம் சரி. முனை வரைக்கும் வந்தேன். உங்க கதவு திறந்திருந்தது. நாற்காலி தெரிஞ்சுது. உங்க கால் மட்டும் தெரிஞ்சுது, வெள்ளிக்கிழமைச் சந்தையில வாங்கற அந்த நீல ரப்பர் செருப்பு. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க முடியல.

அண்ணன் போன மூணாம் நாள், துக்கம் கேக்க வந்தவங்க நடுவுல மில்லுக்காரர் உங்களைப் பார்த்து, "இவங்க கை தூக்கினதாலதான் நமக்கு இப்படி ஒரு தலைவர்"னு சொன்னார். நான் சொன்னேன். "எங்களுக்கு அதுல சம்பந்தமே இல்லீங்க. அண்ணி யாரைக் கேட்டாங்க?" அப்படின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி. நீங்க நிமிர்ந்து பார்த்துட்டு உள்ள போயிட்டீங்க. அன்னிக்குக் கிளம்பினவன்தான்.

வேனை ஓட்டினவன் நான். நகரசபைத் தண்ணி லாரி டிரைவர் வேலை எனக்குத்தான்னு மரக்கடைக்காரர் முதல்லயே சொல்லியிருந்தார். அது எதுக்காகன்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டினேன். ரெண்டே வருஷத்துல அவரே லாரியை ஒப்பந்தக்காரருக்கு விட்டுட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அதை யார்கிட்டப் போய்ச் சொல்லி அழ முடியும்?

முனையிலேர்ந்து திரும்பிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். அங்க பெஞ்சுல உட்கார்ந்து ஒண்ணாம் நம்பர் வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சேன். உங்க வீட்டை மட்டும் விட்டுட்டா சந்தேகம் வரும்னுதான் தெருவையே நிரப்பினேன். உங்களுடையதைக் கடைசியா வச்சிருந்தேன். அதுல மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் எல்லாருக்கும் போட்டதையே போட்டேன்.

என்னால அந்தத் தெருவுக்கு வர முடியாது, அண்ணி. நீங்களே ஆட்சேபம் கொடுத்துடுங்க. என்ன வந்தாலும் நான் ஏத்துக்கறேன். நீங்க எழுதினாத்தான் அதுக்கு மதிப்பு. உறுப்பினரா இருந்தவங்க வேற.

தம்பி


மார்ச் 21

உனக்கு,

நீங்கன்னு இதுவரைக்கும் எழுதினேன். இப்ப வரமாட்டேங்குது, விடு. நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ உனக்குச் சட்டைப் பொத்தான் நேராப் போடத் தெரியாது.

நீ செய்ததுக்கு நான் ஆட்சேபம் கொடுக்கணும். நீ அங்கேயே உட்கார்ந்து ஏத்துக்குவே. பெரிய மனசு. என்னையே மறுபடியும் கை தூக்கச் சொல்றியா? ஒரு தடவை உனக்காகத் தூக்கியாச்சு.

அதுவும் முழு உண்மை இல்ல. நீ உன்னுடையதைச் சொல்லிட்டே, நானும் சொல்லிடறேன்.

உங்க அண்ணன் என்னைக் கட்டாயப்படுத்தினார்னு தெருவுல எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் வாயைத் திறந்து அப்படிச் சொன்னதில்ல. ஆனா இல்லன்னும் சொன்னதில்ல. பாவம், புருஷன் சொல்லைத் தட்ட முடியாம இவ பண்ணிட்டான்னு ரெண்டு மூணு பேர் என்கிட்ட அன்பா இருந்தாங்க. அந்த அன்பு எனக்குத் தேவையா இருந்துச்சு. செத்துப் போன மனுஷர் மேல பழி நின்னா நின்னுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

அவர் சொன்னது என்ன தெரியுமா? வேன் வாசல்ல நிக்கும்போது, "உன்னைத்தான் தெரு அனுப்பிச்சது. போறதும் போகாததும் உன் இஷ்டம். தம்பிக்கு வேலை கிடைக்கலேன்னா வேற பார்ப்போம்"னார். நான்தான் ஏறினேன். படியில நானே கால் வச்சேன்.

இன்னொண்ணும் இருக்கு. இதை எழுதும்போது காது சுடுது. அந்த லாட்ஜ் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. முதல் நாள் அழுதேன். ரெண்டாம் நாள் காலையில ஒரு ஆள் கதவைத் தட்டி, தட்டுல மூடி போட்டுச் சாப்பாடு கொண்டு வந்து வச்சான். கல்யாணமானதிலேர்ந்து எனக்கு ஒருத்தர் சமைச்சு, என் முன்னாடி கொண்டு வந்து வச்சது அதுதான் முதல் தடவை. விரிப்பு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. குழாயைத் திருகினா சுடுதண்ணி. மூணாம் நாள் மத்த பொம்பளைங்களோட சேர்ந்து டிவி பார்த்துச் சிரிச்சேன். பயமுறுத்தினாங்க, மிரட்டினாங்கன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. யாரும் என்னை ஒரு அதட்டுக்கூடப் போடல. நல்லாப் பார்த்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அதனால நான் ஆட்சேபம் எழுதப் போறதில்ல. எழுதினா நான் என்னமோ நேர்மையானவ மாதிரி ஆயிடும். நீ வா. வந்து அவங்க முகத்தைப் பார்த்துக் கேளு. வரலேன்னா அந்த முப்பத்தெட்டு பொய்யும் அப்படியே அச்சாகட்டும். நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சே அச்சாகட்டும்.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

வந்தேன்னு உங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில வெத்துப் படிவக் கட்டோட தெருவுல நுழைஞ்சேன். உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதே, அதை எழுதறேன்.

ஒவ்வொரு வீட்டுலயும் முதல்ல இதைச் சொன்னேன்: "போன மாசம் உங்களைக் கேக்காம நானே உங்க பதிலை எழுதிட்டேன். இப்பக் கேக்க வந்திருக்கேன்." வழியெல்லாம் பஸ்ல சொல்லிப் பழகிட்டு வந்தேன். முதல் வீட்டுலயே நாக்கு குழறிடுச்சு. அந்த எலக்ட்ரீஷியன் பெரியவர் மூணு தடவை "என்னது? என்னது?"ன்னார். நாலாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. தெருவே கேட்டுச்சு. அப்புறம் மத்த வீடுகளுக்கு விளக்கம் தேவைப்படல.

பதினோரு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. ஒருத்தர், "இப்ப மட்டும் நான் சொன்னதைத்தான் எழுதுவேன்னு என்ன நிச்சயம்?"னு கேட்டார். படிவத்தையும் பேனாவையும் அவர் கையிலயே கொடுத்தேன். அதுக்கப்புறம் எல்லா வீட்டுலயும் அப்படித்தான் செய்தேன்.

மில்லுக்காரர் தேர்தல்ல நிக்கறவங்களுக்குப் பரிட்சை வைக்கணும்னு எழுதினார். மாடியில குடியிருக்கற மூணு பேரும் சீட்டுக் குலுக்கிப் போடலாம், அப்பவாவது நல்லவன் தப்பித் தவறி வருவான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, ஆனா எழுதும்போது சிரிக்கல. எலக்ட்ரீஷியன் பெரியவர், யாரா இருந்தாலும் ஒரு வருஷம்தான், அதுக்கு மேல இருந்தா நாற்காலி ஒட்டிக்கும்ங்கறார். கைக்குழந்தைக்காரப் பொண்ணு, "எங்க வீட்டுக்காரர் வந்ததும் கேளுங்க"ன்னா. நான் நாலு வீடு தள்ளிப் போனப்புறம் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்து, "நானே சொல்றேன், அவர்கிட்டச் சொல்லாதீங்க"ன்னு நின்னுக்கிட்டே எழுதினா. என்ன எழுதினான்னு நான் படிக்கல. மடிச்சுத்தான் கொடுத்தா.

நம்ம தெருவுல உங்க வீடு தவிர மத்ததெல்லாம் முடிஞ்சதும் அடுத்த தெரு நர்ஸம்மா வீட்டுக்கும் போனேன். அவங்க தெரு என் கணக்குல இல்ல. ஆனா போகாம இருக்க முடியல. ட்யூட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க. வேனை ஓட்டினது நான்தான்னு சொன்னேன். "தெரியும். மண்டபத்து வாசல்ல வேன் வந்து நின்னப்போ கண்ணாடியில உன் முகம் பார்த்தேன்"னாங்க. அப்புறம், "கேக்க வந்ததைக் கேளு"ன்னாங்க.

கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா, அண்ணி? "இப்ப இருக்கற முறையே போதும்"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டா அந்த மனுஷன் ஊரையே வேன்ல ஏத்துவான். அப்ப யாரைப் போய்க் கேப்பே? பதினஞ்சு பேர்னா முகம் தெரியும். என்னைத் தோக்கடிச்ச கை எதுன்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்சதாலதான் நான் இந்த ஊர்ல இருக்கேன்"னாங்க.

நான் பெஞ்சுல உட்கார்ந்து போட்ட அதே பதில். அவங்க வாயால கேட்டதும் எனக்கு நிம்மதி வரும்னுதான் நினைப்பீங்க. வரல. அவங்க அந்த ஒரு வரிக்கு ஏழு வருஷம் யோசிச்சிருக்காங்க. நான் ஒரு பஸ் வர்ற நேரத்துல எழுதினேன்.

கடைசியா உங்க வீட்டுக்கு வந்தேன். "அண்ணி"ன்னு மூணு தடவை கூப்பிட்டேன். உள்ள நீங்க இருந்தீங்க. ஃபேன் சத்தம் கேட்டுச்சு. திறக்கல. படிவத்தைக் கதவிடுக்குல செருகலாம்னு பார்த்தேன், அப்புறம் அதுவும் உங்களைக் கேக்காம செய்யற மாதிரி இருந்ததால எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

மறுநாள் குழு அலுவலகத்துல இருபத்தாறு புதுப் படிவத்தையும், என் தப்பை எழுதின காகிதத்தையும் கொடுத்தேன். மேற்பார்வையாளர் படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். பழைய முப்பத்தெட்டும் ரத்து. புதுசு வாங்கறதுக்குத் தேதி முடிஞ்சு போச்சாம், விதியில இடமில்லையாம். இருபத்தாறையும் என் கண் முன்னாடியே அலமாரி மேல தூக்கிப் போட்டார். அறிக்கையில நம்ம தெருவுக்கு நேரா ஒண்ணுமே இருக்காது. என்னையும் நீக்கிட்டாங்க.

பொய்யா ஒரு பதில் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லாம பண்ணிட்டேன். அவங்களையெல்லாம் ரெண்டாம் தடவையும் ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு, அண்ணி. இதை அவங்ககிட்ட யார் போய்ச் சொல்றது?

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

நான் சொன்னேன். அறிக்கை நூலகத்துக்கு வந்த அன்னிக்கு, நம்ம தெருவுக்கு நேரா பதில் இல்லாம ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்ததைப் பார்த்துட்டு எல்லாரும் வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. மில்லுக்காரர், "பரிட்சை பத்தி எவ்வளவு யோசிச்சு எழுதினேன்"னு புலம்பினார். நான் போய், படிவம் அலமாரி மேல கிடக்குன்னு நீ எழுதினதை அப்படியே சொன்னேன். உன்னைத் திட்டினாங்க. கொஞ்சம் என்னையும். கேட்டுக்கிட்டேன்.

கதவைத் திறக்காததுக்குக் காரணம் சொல்லணும். உன் மேல கோபம் இல்ல. நீ மூணாம் தடவை கூப்பிட்டப்போ நான் தாழ்ப்பாள் மேல கை வச்சுட்டேன். ஆனா உனக்குப் பின்னாடி எதிர்வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் நின்னாங்க, ஜன்னல் வழியாப் பார்த்தேன். நான் பதில் சொன்னா ஏன் அப்படிச் சொல்றேன்னும் சொல்லணும். நீ தெருவுல நின்னு கத்திச் சொன்னே. எனக்கு அந்தத் துணிச்சல் வரல. கேக்க யாரும் வரலேன்னு உன்னை அவ்வளவு பேசினவ, கேக்க வந்தப்போ ஃபேனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நேத்து சாயங்காலம் நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னு எல்லாத்தையும் சொன்னேன். புருஷன் சொல்லித் தூக்கல, நானாத் தூக்கினேன்னு. வெள்ளை விரிப்பு, சுடுதண்ணி, டிவி எல்லாம். அவங்க கொடியிலேர்ந்து துணி எடுத்துக்கிட்டே கேட்டாங்க. முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"அந்த நாலு நாள்ல என் நெனப்பு உனக்கு வந்துச்சா?"

வந்துச்சுன்னு சொல்லலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "முதல் நாள் வந்துச்சு. அப்புறம் வரல"ன்னு சொன்னேன்.

மடிச்ச துணியையே மறுபடி பிரிச்சு மடிச்சாங்க. மன்னிச்சேன்னு சொல்லல. உட்காருன்னும் சொல்லல. அப்புறம் சொன்னாங்க, "குழுவுக்கு இருபத்தாறு பேர் படிவத்தையும் சேர்க்கச் சொல்லி மனு எழுதிக்கிட்டிருக்கேன். முறையை மாத்தணுமா வேண்டாமாங்கறதுல உனக்கும் எனக்கும் ஒத்துப் போகாது. ஆனா அந்த நாலு நாள்ல என்ன நடந்துச்சுன்னு உள்ள இருந்தவங்க யாரும் இதுவரைக்கும் எழுதிக் கொடுக்கல. நீ எழுதித் தா. மனுவோட வைக்கறேன்."

சரின்னேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ரெண்டு பக்கம் ஆயிருக்கு. லாட்ஜ், சாப்பாடு, என் கை எல்லாம் வந்துடுச்சு. எட்டு பேரை எப்படிக் கொண்டு போனாங்கன்னு எழுதற இடத்துல நின்னுடுச்சு. அங்க நீ வர்றே. நீ வேண்டாம்னு சொன்னா, "ஒரு டிரைவர்"னு மட்டும் போட்டுடறேன். உன்னைக் கேக்காம எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை கொடுக்கணும். அதுக்குள்ள சொல்லு.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

உங்க கடிதம் இப்பத்தான் கிடைச்சுது. தபால் நிலையத்துல நின்னுக்கிட்டே எழுதறேன், வியாழக்கிழமைக்குள்ள வந்து சேரணும்.

ஒரு டிரைவர்னு போடாதீங்க. என் கொழுந்தன்னு போடுங்க. வேலை கிடைக்கும்னு தெரிஞ்சே வந்தார்னும் சேர்த்துக்குங்க.

வண்டியை அவர் ஓட்டினார்னு எழுதுங்க. ஓட்டச் சொன்னாங்கன்னு எழுத வேண்டாம்.

தம்பி